கல்லூரி வளாகத்தில் அவசர எச்சரிக்கை: முதல் ஐந்து நிமிடத்துக்கான முழுமையான வழிகாட்டி

மதுரைக்கு மேற்கே தேனி ரோட்டை ஒட்டிய ஒரு கல்லூரியின் ஆண்கள் விடுதியில் சில வருடம் உதவி வார்டனாக இருந்தேன். ஒரு நாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு மெஸ் பக்கமிருந்து கேஸ் வாடை அடித்தது. 19 கிலோ வணிக சிலிண்டர்கள் அங்கே வரிசையாக நிற்கும். வாட்ச்மேன் ஓடிவந்து சுவரிலிருந்த சைரன் சுவிட்சை அமுக்கப் போனார். மெஸ் மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "அண்ணே, சுவிட்சத் தொடாதீங்க. ஒரு பொறி பறந்தா அம்புட்டும் போச்சு." அப்புறம் அவரே ஒரு காலி அண்டாவைத் தூக்கிக்கொண்டு விடுதி வாசலுக்குப் போய், சோறு கிண்டும் மரத்துடுப்பால் அடி அடியென்று அடித்தார். நாலைந்து நிமிடத்தில் பையன்கள் எல்லோரும் மைதானத்தில் நின்றார்கள்.

அந்த நேரத்தில் நான் வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு செய்தியை எழுதிவிட்டு, மேலிடத்தின் சம்மதத்துக்குக் காத்திருந்தேன். சம்மதம் வந்தபோது மணி 12:10. பையன்கள் மைதானத்துக்கு வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவு. வளாகப் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் கேமராவும் ஆப்பும் வாங்கக் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி: யாரையும் கேட்காமல் மணி அடிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? கல்லூரி, பல்கலைக்கழகம், தனியார் விடுதி எதை நடத்துபவராக இருந்தாலும், இந்த வழிகாட்டியை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.

1. அளவுகோலை முன்கூட்டியே போட்டுவையுங்கள்

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வைகை அணையே போதும். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். அணையில் சங்கு ஒலிக்கிறது, கரையோர ஊர்களுக்குத் தகவல் போகிறது. 66 அடி வந்த ராத்திரி யாரும் உட்கார்ந்து "இப்போது சொல்லலாமா, ஜனங்கள் பயந்துவிடுவார்களா" என்று யோசிப்பதில்லை. யோசனையை எல்லாம் ஆற்றில் தண்ணீர் இல்லாத காலத்திலேயே முடித்துவிட்டார்கள்.

உங்கள் வளாகத்துக்கும் அப்படி ஒரு 66 அடி வேண்டும். நான் பரிந்துரைப்பது மூன்று கட்டம்தான். முதல் கட்டம் "கவனம்": வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருக்கிறது, வளாகத்துக்குள் பாம்பு தென்பட்டது, பக்கத்தில் சாலை மறியல் என்பது போன்றவை. இரண்டாம் கட்டம் "தயார்": மைதானத்தில் விளையாடும்போது இடி கேட்கிறது, விடுதிக் கீழ்த்தளத்துக்குள் மழைத்தண்ணீர் புகுகிறது. மூன்றாம் கட்டம் "இப்போதே": கண்ணால் பார்த்த தீ அல்லது புகை, கேஸ் வாடை, ஆயுதத்தோடு ஆள், ஆய்வகத்தில் அமிலமோ ரசாயனமோ கொட்டிக் கண் எரிச்சல். ஒவ்வொன்றுக்கும் எதிரே பார்க்கக்கூடிய, முகரக்கூடிய, கேட்கக்கூடிய ஓர் அடையாளத்தை எழுதுங்கள். "நிலைமை மோசமானால்" என்று எழுதினால், எது மோசம் என்பதை அந்த இருட்டில் ஒரு தனி ஆள் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே படித்த பாடம் ஒன்று இருக்கிறது. 2007 ஏப்ரல் 16 காலை 7:15 மணியளவில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் இருவர் சுடப்பட்டார்கள். அது தனிப்பட்ட தகராறு என்று கருதப்பட்டது. வளாகம் முழுமைக்கும் முதல் மின்னஞ்சல் போனது 9:26-க்கு. 9:40 வாக்கில் அதே ஆள் வேறொரு கட்டடத்தில் வகுப்பறைகளுக்குள் புகுந்து 30 பேரைக் கொன்றான். அந்த நாட்டில் 1990-லேயே வளாகக் குற்றங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கிளரி சட்டம் இருந்தது. 1986-ல் தன் விடுதி அறையில் கொல்லப்பட்ட ஜீன் கிளரி என்ற மாணவியின் பெற்றோர் போராடிக் கொண்டுவந்த சட்டம் அது. வர்ஜீனியா டெக்குக்குப் பிறகு, 2008-ல் அதில் திருத்தம் வந்தது. ஆபத்து உறுதியானதும் தாமதமின்றி எச்சரிக்க வேண்டும், வருடம் ஒரு முறையாவது அந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இப்போது அங்கே கட்டாயம்.

2. உரிமையைக் கீழே இறக்குங்கள்

மூன்றாம் கட்டத்துக்கு வாட்ச்மேன், மெஸ் மாஸ்டர், ஆய்வக உதவியாளர், தூய்மைப் பணி செய்யும் அக்கா, எந்த மாணவர் ஆனாலும் முதலில் மணி அடிக்கலாம், பிறகு சொல்லலாம். இது வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. முதல்வரோ பதிவாளரோ கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் கடிதமாக ஒவ்வொரு கேட்டிலும் மெஸ்ஸிலும் ஒட்டப்பட வேண்டும். அதில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி: "நல்லெண்ணத்தோடு அடித்த மணி தவறாகப் போனாலும் யார் மீதும் நடவடிக்கை இல்லை."

ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் செக்யூரிட்டிக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் எப்போதும் இருக்கும். அந்த ஒரு வரிதான் அவர் கையை விடுவிக்கும். தப்பு மணியால் ஒரு மணி நேரத் தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

இரண்டாம் கட்டத்தை வார்டன் அல்லது துறைத்தலைவர் முடிவு செய்யலாம். முதல் கட்டத்துக்கு அலுவலகமே போதும்.

3. ஒலி முதலில், செல்போன் பிறகு

தூங்குகிறவனை வாட்ஸ்அப் எழுப்பாது. போன் சைலண்டில் கிடக்கும், சார்ஜில் கிடக்கும், மலையடிவாரத்து விடுதிகளில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மணி அல்லது சைரன், அடுத்து மைக்கில் மனிதக் குரல், அப்புறம் எஸ்.எம்.எஸ்., கடைசியாக வாட்ஸ்அப்.

ஒலியில் ஒரு நுணுக்கம் உண்டு. தீ என்றால் எல்லோரும் வெளியே வர வேண்டும். ஆயுதத்தோடு ஒருவன் வளாகத்துக்குள் திரிகிறான் என்றால் உள்ளேயே கதவைத் தாழிட்டு இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சைரன் வைத்தால், பிள்ளைகளை ஆபத்தின் எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுவோம். விடாமல் நீளமாக ஒலித்தால் வெளியே வா, விட்டு விட்டு மூன்று மூன்றாக ஒலித்தால் உள்ளே இரு. இந்த இரண்டு போதும். நாலைந்து வகை வைத்தால் யாருக்கும் நினைவில் நிற்காது.

மின்சாரம் இல்லாத மணி ஒன்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் வேண்டும். பழைய பள்ளிக்கூடங்களில் தொங்கும் தண்டவாளத் துண்டு மாதிரி ஒன்று போதும். அதை மெஸ்ஸை விட்டுத் தள்ளி, விடுதி வாசலில் கட்டுங்கள். கேஸ் கசிவில் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, அந்த இடத்தில் போனையும் எடுக்கக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து சாக்கடைக்கும் பள்ளத்துக்கும் இறங்கும். ஆகவே கூடும் இடம் மேடாக, காற்று வரும் திசையில் இருக்க வேண்டும். கசிவைத் தெரிவிக்க நாடு முழுவதும் 1906 என்ற எண் இருக்கிறது. தள்ளி நின்று கூப்பிடுங்கள்.

மைக் செட்டின் ஆம்ப்ளிஃபயர் யு.பி.எஸ்.ஸில் ஓட வேண்டும். தீ என்றதும் முதலில் மெயினை அணைப்பார்கள், அத்தோடு மைக்கும் செத்துவிடும். கையில் பிடித்துப் பேசும் மெகாபோன் ஒன்று கேட் அறையில் இருக்கட்டும், பேட்டரியை மாதம் ஒரு முறை பாருங்கள்.

4. செய்தியை இன்றைக்கே எழுதுங்கள்

மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி அனுப்புகிறவர் பெயரும் செய்தியின் வார்ப்பும் (டெம்ப்ளேட்) தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். பதியாத வாசகம் வழியிலேயே தடுக்கப்படும். தீப்பிடித்த பிறகு உட்கார்ந்து புதிதாக எழுத முடியாது என்று அர்த்தம். தீ, கேஸ், வெள்ளம், உள்ளே இருங்கள், ஆபத்து நீங்கியது, ஒத்திகை என்று ஆறு வார்ப்புகளாவது பதிந்துவையுங்கள். கட்டடத்தின் பெயருக்கு மட்டும் மாறும் இடம் விடுங்கள். விளம்பர வகையில் பதிந்துவிடாதீர்கள், அது ராத்திரியில் போகாது. சேவை வகையில் பதியுங்கள்.

அடுத்தது தமிழ் எழுத்துக் கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 இடம். தமிழில் 70 இடம்தான். அந்தக் கணக்கில் 'தீ' என்பது ஓர் எழுத்து இல்லை. 'த' ஓர் இடம், ஈகாரக் குறி ஓர் இடம். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஓர் இடம் போகும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போகிறது, நெரிசலில் முன்னும் பின்னுமாக வந்து சேரலாம்.

நம் சுற்றறிக்கைப் பழக்கம் இங்கேதான் காலை வாருகிறது. "இதனால் விடுதி மாணவர்கள் அனைவருக்கும் தெரிவிப்பது என்னவென்றால்" என்று தொடங்கினால் அதுவே 61 இடத்தைத் தின்றுவிடும். இன்னும் என்ன ஆபத்து என்றே சொல்லவில்லை. இதைப் பாருங்கள்:

தீ: பி பிளாக். படியில் இறங்கி மைதானம் போகவும். லிஃப்ட் வேண்டாம்.

எண்ணிப் பார்த்தேன், 64 இடம். என்ன, எங்கே, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்ற நாலும் அதில் இருக்கின்றன. மைக்கில் பேசும்போதும் இதே வரிசைதான். ஒரே வாசகத்தை மூன்று முறை, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். "பயப்பட வேண்டாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்டதும்தான் பயம் வரும்.

இதெல்லாம் நாமே அனுப்புவது. அரசு அனுப்பும் எச்சரிக்கை வேறு வகை. செல் பிராட்காஸ்ட் முறையில் ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும், நம்பர் தெரியாமலே, ஒரே நேரத்தில் செய்தி பாயும். 2023-ல் நாடு முழுக்கச் சோதனைக்காக போன்கள் அலறியது நினைவிருக்கும். அதைக் கல்லூரி அனுப்ப முடியாது. ஆனால் மாணவர்கள் போன் அமைப்பில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்லலாம்.

5. உதவிக்குக் கூப்பிடும்போது இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

112 எல்லாவற்றுக்கும் பொது எண். ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. எண்கள் பலருக்கும் தெரியும். இடம் சொல்வதில்தான் கோட்டை விடுகிறோம்.

108 அழைப்பை எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் பதற்றத்தில் "புதுக்கோட்டையிலிருந்து பேசுறேன்" என்றால் அவர் மனதில் வருவது புதுக்கோட்டை மாவட்டம். "மதுரை மாவட்டம், நாகமலை புதுக்கோட்டை, தேனி ரோடு" என்று மாவட்டத்தில் தொடங்க வேண்டும். "காமராஜர் பல்கலைக்கழகம்" என்று மட்டும் சொன்னாலும் குழப்பம் வரலாம். பல்கலைக்கழகம் நகருக்கு மேற்கே பல்கலை நகரில் இருக்கிறது, அதன் பெயரிலேயே உள்ள கல்லூரி அழகர்கோவில் ரோட்டில், காமராஜர் சாலையோ கிழக்கே தெப்பக்குளம் பக்கம். அரைகுறையாகக் காதில் விழுந்தால் வண்டி ஊரின் மறுகோடிக்குப் போய் நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு போன் பக்கத்திலும் ஓர் அட்டை ஒட்டுங்கள். மாவட்டம், ஊர், ரோடு, எந்த கேட், பக்கத்து அடையாளம், திரும்பக் கூப்பிட வேண்டிய எண், என்ன நடந்தது, எத்தனை பேருக்குக் காயம் என்ற வரிசையில் இருக்கட்டும். பேசுகிறவர் அதைப் பார்த்து வாசித்தால் போதும். எதிர்முனை வைக்கும்வரை வைக்காதீர்கள். ஒருவர் மெயின் ரோட்டுக்குப் போய் டார்ச்சோடு நின்று வண்டியை உள்ளே கூட்டி வர வேண்டும். பூட்டிய பின்கேட்டின் சாவி யாரிடம் என்பதையும் அதே அட்டையில் எழுதுங்கள்.

6. மணி கேட்காதவர்கள் யார்?

இதைத் தனியாக உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். காது கேளாத மாணவருக்கு அறையில் பளிச்சிடும் விளக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் அறைத்தோழர் இருவருக்கு அந்தப் பொறுப்பு, ஒருவர் ஊருக்குப் போயிருந்தாலும் இன்னொருவர் இருப்பார். பார்வையற்ற மாணவரோடு வெளியேறும் வழியைப் பகலில் இரண்டு முறை நடந்து பாருங்கள், படிகளை அவர் எண்ணிக்கொள்வார். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழ்த்தள அறையை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

மெஸ்ஸிலும் கட்டட வேலையிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் இருப்பார்கள். தமிழ் அறிவிப்பு முடிந்ததும் ஒரே ஒரு வாக்கியம் இந்தியில், ஒன்று ஆங்கிலத்தில். அவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி மைக் பக்கத்தில் ஒட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

விடுதி என்றால் புகையைப் பற்றிப் பேசாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து உயிர்கள் போயின. தூங்கும் நேரத்தில் புகை சத்தமில்லாமல் வரும். அதனால் நடைபாதையில் புகை உணரும் கருவியும், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் கதவும் தவிர்க்கவே முடியாதவை. ராத்திரி பூட்டுப் போட்டுச் சாவியை வார்டன் வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று சொல்கிறார்கள். வெளியாளைத் தடுக்கும் பூட்டு உள்ளே இருப்பவரைச் சிறைவைக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

7. வதந்திக்கு முன்னால் ஓடுங்கள்

2024 அக்டோபரில் பெய்த மழையில் செல்லூர், நரிமேடு பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி நாட்களில் எங்கள் மாணவர் குழுக்களில் பழைய விடுமுறை அறிவிப்பின் படமும், பழைய வெள்ளக் காட்சியும், யாரோ பேசிய குரல் பதிவும் சுற்றத் தொடங்கிவிடும். "நம்பாதீர்கள்" என்று சொன்னால் நிற்காது. நம் செய்தி முதலில் போய்ச் சேர்ந்தால்தான் நிற்கும்.

ஒவ்வொரு செய்தியிலும் நேரத்தைப் போடுங்கள், அடுத்த தகவல் எப்போது என்பதையும் போடுங்கள். "இரவு 9:10. அடுத்த தகவல் 9:40." 9:40-க்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "நிலைமை மாறவில்லை, அடுத்தது 10:10" என்று அனுப்ப வேண்டும். சொன்ன நேரத்தில் சொல் வந்தால் யாரும் வேறு பக்கம் தேட மாட்டார்கள். குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள், சந்தேகம் கேட்க வேறு குழு இருக்கட்டும். முடிந்ததும் "ஆபத்து நீங்கியது" என்று முறையாக அறிவியுங்கள்.

பெற்றோரை மறந்துவிடக் கூடாது. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் செய்தி அரைகுறையாகப் போனால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கேட்டில் பத்து பைக் நின்றாலே 108 உள்ளே நுழைய முடியாது. மாணவர்களுக்குச் செய்தி போன அடுத்த பத்து நிமிடத்துக்குள் பெற்றோருக்குத் தனிச் செய்தி போகட்டும்: பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எந்த எண்ணில் கேட்கலாம், இப்போது வர வேண்டுமா வேண்டாமா. அந்த எண்ணை எடுக்க இரண்டு பேரை உட்கார வையுங்கள், வார்டன் போனைக் கொடுக்காதீர்கள்.

8. மணி அடிக்கக் கூடாத அவசரங்கள்

ராகிங், பாலியல் சீண்டல், மனம் உடைந்த ஒரு மாணவர். இவையும் அவசரம்தான், ஆனால் இங்கே தகவல் ஓரிருவருக்குள் நிற்க வேண்டும். ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, தேசிய உதவி எண் 1800-180-5522. பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு 2013 சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும், அதன் உறுப்பினர் பெயர்கள் வெளிப்படையாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு 14416. தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி ஆப்பைப் போனில் வைத்திருந்தால் அவசர பட்டனை அழுத்தியதும் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். மற்றவர்களை எச்சரிக்க வேண்டிய நிலை வந்தாலும் பாதிக்கப்பட்டவரின் பெயர், துறை, அறை எண் எதுவும் செய்தியில் வரக் கூடாது. "மூன்றாம் ஆண்டு மாணவி" என்று போட்டாலே போதும், சிறிய கல்லூரியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

9. ஒத்திகையில் நேரத்தை எழுதுங்கள்

ஒரு செமஸ்டருக்கு ஒரு முறை ஒத்திகை வேண்டும். முதல் தடவை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இரண்டாம் தடவை விடியற்காலை ஐந்து மணிக்குச் சொல்லாமல் செய்யுங்கள். தீயணைப்பு நிலையத்தில் கடிதம் கொடுத்துக் கேட்டால் வந்து செயல்விளக்கம் காட்டுவார்கள்.

நாலு நேரங்களைக் குறியுங்கள். ஒருவர் கவனித்த நேரம், மணி அடிக்க முடிவு செய்த நேரம், மணி ஒலித்த நேரம், கடைசி ஆள் கூடும் இடத்துக்கு வந்த நேரம். முதல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் எந்தக் கருவி வாங்கியும் பயனில்லை, உரிமையைக் கீழே இறக்கும் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். கடைசி இரண்டுக்கும் நடுவே அதிகமென்றால் வழியிலோ கதவிலோ கோளாறு. ஒத்திகை முடிந்ததும் அறைவாரியாகத் தலையை எண்ணுங்கள். ஊருக்குப் போனவர் பதிவேடு கேட் அறையில் இல்லாமல் விடுதி அலுவலகத்துக்குள் பூட்டிக் கிடந்தால் அந்த எண்ணிக்கை ஒருபோதும் சரியாக வராது.

ஜூனில் புது மாணவர்கள் வருவார்கள், பல இடங்களில் செக்யூரிட்டி ஏஜென்சியும் மாறும். புது வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவரை மணி தொங்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, கட்டையை அவர் கையில் கொடுத்து ஒரு தடவை ஓங்கி அடிக்கச் சொல்லுங்கள்.